குரோமியத்தைப் பிடிக்கும் களிமண்! பிடித்த பிறகு?

"தலையில் என்ன களிமண்ணா இருக்கிறது?" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் களிமண்!

விஞ்ஞானிகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரில் கலந்த நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி களிமண்ணுக்கு உண்டு என்கிறார்கள். ரசாயன முறையில் பக்குவம் செய்தால் அந்தச் சக்தி இன்னும் கூடுமாம்.

உண்மைதான். உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களின் தோல் கழிவுத் தண்ணீரைக் களிமண் கொண்டே சுத்தம் செய்துவிடலாமே! பாலாறு பிழைத்துவிடுமே!

இப்படி ஆசைப்படுவதில் தவறு இல்லை. களிமண் வரட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், வருவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

நஞ்சைப் பிடித்த களிமண்ணை எங்கே கொண்டு போய் வைப்பது?

பஸ்ஸும் படிக்கட்டும்

முதலில் களிமண் எப்படி நஞ்சைப் பிடிக்கிறது என்று பார்ப்போம்.

பஞ்சைத் தண்ணீரில் போட்டால், தண்ணீர் பஞ்சுக்குள் போய்விடுகிறது. இது உறிஞ்சுதல். களிமண் செய்வது வேறு வேலை. நஞ்சைத் தன் மேற்பரப்பில் ஒட்ட வைத்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

பஸ்ஸுக்குள் ஏறி உட்காருவது உறிஞ்சுதல். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவது பரப்புக் கவர்ச்சி!

படிக்கட்டில் எத்தனை பேர் தொங்க முடியும் என்று கேட்கிறீர்களா? களிமண்ணுக்குப் படிக்கட்டுகள் ஏராளம்.

களிமண்ணில் பல வகை உண்டு. மாண்ட்மோரில்லோனைட் என்பது ஒரு வகை. பிரான்சு நாட்டில் மாண்ட்மோரில்லான் என்ற ஊரின் பெயரை இதற்கு வைத்தார்கள். பெயர் வாய்க்குள் நுழையாது. ஆனால் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்புகிறது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது அல்லவா? அதற்குக் காரணம் இந்த வகைக் களிமண். பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியும் இதற்கு நெருங்கிய உறவு. பென்டோனைட் என்ற பெயரில் இதைக் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் வெட்டி எடுத்து விற்கிறார்கள்.

இந்தக் களிமண் ஒரு புத்தகம் மாதிரி. தாள் மேல் தாளாக அடுக்கியிருக்கும். ஒரு கிராம் மண்ணில் உள்ள எல்லாத் தாள்களின் பரப்பையும் கூட்டிப் பார்த்தால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். அதாவது மூன்று கிரவுண்டு மனை! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று மனை அடங்கியிருக்கிறது.

இந்தத் தாள்களில் எதிர் மின்சாரம் இருக்கிறது. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் நேர் மின்சாரம் உள்ள சோடியம், கால்சியம் போன்றவை தாள்களுக்கு நடுவே தொற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஈயம் வந்தால் சோடியம் இறங்கிவிடும். ஈயம் ஏறிக்கொள்ளும். ஒருவர் இறங்க, ஒருவர் ஏற!

இது நேற்றுக் கண்ட அதிசயம் இல்லை. 1850-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தாம்சன் என்ற நிலக்கிழாரும், வே என்ற ரசாயன நிபுணரும் இதைப் பற்றி எழுதினார்கள். உரத்தில் உள்ள அம்மோனியாவை மண் பிடித்துக்கொள்கிறது, அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தை வெளியே விடுகிறது என்று கண்டார்கள்.

இன்று உங்கள் வீட்டுச் சமையல் எண்ணெய் பளிச்சென்று இருப்பதற்கும் களிமண் ஒரு காரணம். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளில், அமிலத்தில் பக்குவம் செய்த களிமண்ணைக் கொண்டுதான் நிறத்தை எடுக்கிறார்கள். கோழித் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதைக் கட்டிப் போடவும் களிமண் கலப்பது உண்டு. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

தோலும் தண்ணீரும்

இனி தோல் ஊர்களுக்கு வருவோம்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அனுப்புகிறார்கள். முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பில் ஊறப் போட்டு மயிரை எடுப்பது. அதன் பிறகுதான் பதனிடுதல்.

முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு பதனிட்டார்கள். வாரக் கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்த பிறகு, பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றி ஒரே நாளில் பதனிட்டுவிடுகிறார்கள். தோல் நீல நிறத்தில் வெளியே வரும்.

பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1970-களில் மத்திய அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. முழுவதும் இங்கேயே பதனிட்டு, செருப்பாகவும் பையாகவும் செய்து அனுப்புங்கள் என்றது. நல்ல யோசனைதான். வேலை பெருகியது. கூடவே கழிவும் பெருகியது!

பழைய முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவிகிதம்தான் தோலில் ஏறும். மீதி தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? வயலுக்குப் போயிற்று. கிணற்றுக்குப் போயிற்று. பாலாற்றுக்குப் போயிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. இந்தியா முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன. பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தது. தண்ணீரின் கதை பிரியவில்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுங்கள், ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் குழு போடுங்கள் என்று உத்தரவிட்டது.

தோல் தொழிற்சாலைகளை எல்லாம் மூடிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். காலையில் ஆம்பூரில் செருப்புக் கம்பெனி பஸ்களில் ஏறும் பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய சம்பளத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் படிக்கின்றன.

அண்ணனும் தம்பியும்

குரோமியம் என்று சொன்னேன். அதில் இரண்டு உண்டு. மூன்றாம் குரோமியம், ஆறாம் குரோமியம். ஒரே வீட்டுப் பிள்ளைகள். குணம் வேறு வேறு.

தோல் பதனிடுவது மூன்றாம் குரோமியம். இதன் விஷம் குறைவு. நேர் மின்சாரம் உள்ளது. களிமண் இதைச் சுலபமாகப் பிடிக்கும்.

ஆறாம் குரோமியம் பொல்லாதது. தோலில் பட்டால் புண் ஆகும். அதன் தூசியை வருஷக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும். தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்து நெடுந்தூரம் ஓடும். இதற்கு இருப்பது எதிர் மின்சாரம். களிமண்ணும் எதிர். எதிரும் எதிரும் சேருமா? சும்மா தோண்டி எடுத்த களிமண் இதைத் தொடவே தொடாது!

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்டது. தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்பைச் செய்த இடம் அது. ஆலை மூடப்பட்ட பிறகும், ஆறாம் குரோமியம் கலந்த கழிவு லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே மலை போல் கிடந்தது. மழைத் தண்ணீர் அதில் இறங்கி, நிலத்தடி நீரைக் கெடுத்தது.

பக்குவம் செய்யும் முறை

பக்குவம் செய்த களிமண் தேவைப்படுவது இங்கேதான்.

புண் கழுவும் மருந்தில் செட்ரிமைடு என்ற பொருள் கலந்திருக்கும். தலைமுடியை மிருதுவாக்கும் கண்டிஷனரிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது. இதற்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலையில் நேர் மின்சாரம். வால் எண்ணெய்ப் பசை போன்றது.

இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றைக் கரைத்துக் களிமண்ணோடு கலக்குகிறார்கள். தலைகள் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும். வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இரண்டாவது வரிசை வரும். இந்த வரிசையில் வாலோடு வால் சேர்ந்துகொள்ளும். தலைகள் வெளிப்பக்கம் நிற்கும். இப்போது களிமண்ணின் வெளிப்புறம் எதிர் அல்ல, நேர்!

தன்னை விரட்டிய களிமண்ணே இப்போது அழைப்பதைப் பார்த்து ஆறாம் குரோமியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. தோலுக்குப் போடும் சாயங்களில் பலவும் எதிர் மின்சாரக்காரர்கள்தான். அவையும் வந்து ஒட்டும்.

வேறு முறையும் உண்டு. களிமண்ணின் மேல் நுண்ணிய இரும்புத் துகள்களை ஏற்றுகிறார்கள். இரும்பு, பொல்லாத ஆறாம் குரோமியத்தைச் சாதுவான மூன்றாம் குரோமியமாக மாற்றிவிடும். களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். எனக்குக் கேட்டால், ராணிப்பேட்டைக்கு இந்த முறைதான் பொருத்தம் என்பேன். செட்ரிமைடு வகைப் பொருள் களிமண்ணை விட்டுக் கழன்று தண்ணீரில் கலந்தால் மீன்களுக்கு ஆபத்து. இரும்பில் அந்தத் தொல்லை இல்லை.

கிலோ கணக்கு

இப்போது கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

நல்ல பென்டோனைட் ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள எல்லா இடத்திலும் மூன்றாம் குரோமியம் ஏறினால் கூட, சுமார் 20 கிராம்தான் பிடிக்கும். ஆக, ஒரு கிலோ குரோமியத்துக்கு 50 கிலோ களிமண் வேண்டும்.

டிரம்மிலிருந்து வரும் குரோம் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் குரோமியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டரில் 2 கிலோ. அதற்கு 100 கிலோ களிமண்! தண்ணீர் சுத்தமாகும். 100 கிலோ நச்சுச் சேறு கையில் நிற்கும்.

அதே ஆயிரம் லிட்டரில், லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் குரோமியம் என்றால்? மொத்தமே 2 கிராம். கணக்குப்படி 100 கிராம் களிமண் போதும். நடைமுறையில் சில மடங்கு கூடலாம். கூடினாலும் சமாளிக்கலாம்.

டிரம்மிலிருந்து நேரே வரும் தண்ணீருக்குக் களிமண் போடுவது பணத்துக்கும் கேடு, நிலத்துக்கும் கேடு. அந்தத் தண்ணீரைத் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமியத்தைப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடியும் டிரம்முக்கே அனுப்பலாம். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல காலமாகச் சொல்லிவரும் வழி இது. கடைசியில் தங்கும் துளி நஞ்சுக்குத்தான் களிமண்.

இன்னொன்று. உப்பு! தோல் ஊர்க் கிணறுகளின் பெரிய குறை உப்புக் கரிப்புத்தான். சாப்பாட்டு உப்பைக் களிமண்ணால் எடுக்க முடியாது. போதாதற்கு, தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால் அது குரோமியத்தோடு இடத்துக்குப் போட்டி போடும். ஆராய்ச்சிக் கூடத்தில் சுத்தமான தண்ணீரில் குரோமிய உப்பைக் கரைத்துச் சோதித்துவிட்டு, "99 சதவிகிதம் நீங்கியது" என்று எழுதுவது எளிது. தோல் கழிவுத் தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு, கொழுப்பு, மயிர்க் கரைசல் எல்லாம் இருக்கும். அந்தத் தண்ணீரில் சோதித்துக் காட்டட்டும். அப்புறம் நம்புவோம்.

பத்து உயிர்

2015 ஜனவரி மாதக் கடைசி. நள்ளிரவு.

ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் நச்சுச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

எங்கோ தூர ஊரில் இருந்த தாய்மார்களுக்கு, தங்கள் பிள்ளை சேற்றில் மூழ்கி இறந்தான் என்ற செய்தி போனது. ஆற்றுச் சேறு கூட இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்ததால் வந்த சேறு!

தண்ணீரிலிருந்து எடுத்த நஞ்சு மறைந்து போவதில்லை. இடம் மாறுகிறது. களிமண் போட்டாலும் அதே கதைதான். தேக்கி வைக்க இடம் இல்லாமல் தொட்டியில் ஏற்றிக்கொண்டே போனால் சுவர் தாங்காது.

செங்கல் ஆக்கலாமா?

"களிமண்தானே! செங்கல் அறுத்துச் சுட்டுவிட்டால் போகிறது" என்று ஒரு யோசனை வரும். கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். செங்கல் சூளைகளுக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சம் இல்லை.

இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து, காற்று, கடும் வெப்பம் மூன்றும் சேர்ந்தால் சாதுவான மூன்றாம் குரோமியம் ஆறாம் குரோமியமாக மாறக் கூடும். குரோமேட் தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றுப் பட வறுத்தெடுப்பார்கள். தெரியாத்தனமாக நாம் செங்கல் சூளையில் அதைச் செய்துவிடக் கூடாது. சுவரில் மழை படும். அந்தச் சுவரில் குழந்தை கை வைக்கும்.

சரியான கலவையில் சுட்டு, தண்ணீரில் கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தால் குரோமியத்தை உள்ளேயே பூட்டி வைக்க முடியும் என்று சொல்லும் ஆராய்ச்சிகளும் உண்டு. அது சோதனைச் சாலையோடு கூடிய ஆலையில் நடக்க வேண்டிய வேலை. ஊர் ஓரச் சூளையில் நடக்க வேண்டிய வேலை இல்லை.

அதுவரை என்ன செய்வது? கும்மிடிப்பூண்டியில் ஆபத்தான கழிவுகளை அடக்கம் செய்யும் பாதுகாப்பான கிடங்கு இருக்கிறது. ஆம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். லாரி வாடகை உண்டு. கிடங்குக்குக் கட்டணம் உண்டு. பக்குவம் செய்த களிமண்ணின் விலை கிலோ இத்தனை ரூபாய் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் சில திட்டங்கள் காகிதத்திலேயே நின்றுவிடும். நின்றால் நல்லதுதான்.

எங்கே தொடங்கலாம்?

ராணிப்பேட்டையின் கெட்டுப்போன நிலத்தடி நீரில் தொடங்கலாம் என்பது என் கருத்து. நிலத்தடி நீர் ஓடும் திசையில் குறுக்கே பள்ளம் வெட்டி, இரும்பு ஏற்றிய களிமண்ணை மணலோடு கலந்து நிரப்பலாம். தண்ணீர் அதன் வழியாக ஊறிப் போகும். குரோமியம் நின்றுவிடும். இரும்புத் துகள் நிரப்பிய இப்படிப்பட்ட தடுப்புகளை அமெரிக்காவில் 1990-களிலேயே அமைத்திருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்திய அளவு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றில் அந்த அளவு வருகிறதா என்று மாதா மாதம் பார்க்கலாம். வேலூரிலும் சுற்றிலும் கல்லூரிகளுக்கா குறைவு? ரசாயனம் படிக்கும் மாணவர்கள் செய்யட்டும்.

அடுத்து, சாயத் தண்ணீரின் கடைசிச் சுத்தம். அங்கேயும் களிமண் கை கொடுக்கும்.

எங்கே போட்டாலும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆபத்தான ரசாயனமும் கழிவும் எவ்வளவு என்று தொழிற்சாலை வாசலில் பலகை வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2003-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பலகையில் இதையும் எழுத வேண்டும். இந்த மாதம் வந்த களிமண் எத்தனை கிலோ, நஞ்சைப் பிடித்து வெளியே போனது எத்தனை கிலோ, எந்தத் தேதியில், எந்த லாரியில், எந்தக் கிடங்குக்குப் போனது. இங்கிலீஷில் பொடி எழுத்தில் எழுதினால் பயன் இல்லை. போன வருஷம் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட அம்மாள், தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியே போகும்போது நின்று படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும்.